‘ஜி’யில் ஆரம்பி

காக்ஸ் டவுன் வாசகி ஒருவர் போன வாரம் சூடாக ஒரு கடிதம் போட்டிருந்தார். ‘உங்கள் பெர்னதெத் மாதிரி மாமியார் எங்கள் தெருவில் ஒருத்தர்கூடக் கிடையாது, எங்களை ஏன் இப்படிச் சந்தி சிரிக்க வைக்கிறீர்கள்?’ என்று. கிடையாது என்றால் ரொம்ப சந்தோஷம், அம்மா. ஆனால் இந்தக் கதையில் ஒருத்தி இருக்கிறாளே! அவளைத் திருத்த நானும் முயற்சி பண்ணிப் பார்த்துவிட்டேன். முடியவில்லை.

புதிதாக வந்து உட்காருகிறவர்களுக்காக, நடந்ததை நாலு வரியில் சொல்லிவிடுகிறேன். பெர்னதெத் காக்ஸ் டவுனில் பியானோ டீச்சர். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் ஆர்கன் வாசிக்கிறவளும் அவள்தான். அவளுடைய ஒரே மகன் க்ளென், ஜோகுபாளையத்து மமதாவைக் காதலித்துக் கல்யாணம் செய்துகொண்டு எட்டு மாதம் ஆகிறது. மமதா வாசிப்பது வயலின், அதுவும் சம்மணம் போட்டு உட்கார்ந்து வாசிக்கிற நம்ம ஊர் சங்கீதம்.

பத்து நாளைக்கு முன்னால் அவள் உள்ளறையில் சாதகம் செய்துகொண்டிருந்தபோது, பியானோ படிக்க வந்த பிள்ளைகளின் அம்மாக்கள் முன்னாலேயே பெர்னதெத் கத்தினாள்: “மமதா, நிறுத்தறியா கொஞ்சம்? சாவு வீடு மாதிரி அழுவுது!”

மமதா வயலினைப் பெட்டியில் வைத்து மூடினாள். “இந்த வீட்ல என் வயலினுக்கு இடம் இல்லன்னா எனக்கும் இல்ல” என்று க்ளென்னிடம் மட்டும் சொல்லிவிட்டு, ஆட்டோ பிடித்து அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள்.

போனவள் போனபடி இருந்தால் கதை வேறு. ஆனால் நடுவில் ஒரு கச்சேரி மாட்டிக்கொண்டிருக்கிறது.

கோயிலின் பாரிஷ் ஹாலில் வருஷா வருஷம் நடக்கிற இசை மாலையில் பெர்னதெத் பியானோவும் அவள் கணவர் பெர்னார்ட் வயலினும் ஜோடியாக வாசிப்பது இருபத்தாறு வருஷ வழக்கம். வாசிப்பது சின்னச் சின்னப் பியானோ துண்டுகள். நூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு ஜெர்மன்காரர் எழுதியவை. (அவர் பெயரைத் தமிழில் எழுதிப் பார்த்தேன், வாயில் நுழையவில்லை. விட்டுவிட்டேன்.) மொத்தம் ஆறு, அதில் வருஷத்துக்கு மூன்று வாசிப்பார்கள். ஒவ்வொன்றும் இரண்டு பக்கம்தான். ஓர் ஆள் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து தனக்குத் தானே பேசிக்கொள்கிற மாதிரி இருக்கும், இரண்டு மூன்று நிமிஷத்தில் முடிந்துவிடும். பியானோவுக்கு மட்டும் எழுதிய அவற்றை வயலினும் பியானோவுமாக மாற்றி எழுதியவர் பெர்னார்ட்.

எப்படி மாற்றினார் தெரியுமா? பியானோவின் வலது கை பாடிக்கொண்டிருந்த பாட்டை அப்படியே பிடுங்கி வயலினுக்குக் கொடுத்துவிட்டார். பெர்னதெத்துக்கு மிஞ்சியது பம்-பம், பம்-பம். கைதட்டல் அவருக்கு, பம்-பம் இவளுக்கு. இருபத்தாறு வருஷம்!

இந்த வருஷம் பெர்னார்டுக்குத் தோள்பட்டை இறுகிப்போய்விட்டது. கை தோள் உயரத்துக்குக்கூட எழும்பவில்லை. “நான் வாசிக்கறேன் மாமா” என்று மமதாதான் முன்வந்தாள். மூன்று துண்டில் இரண்டை, பெர்னதெத் பியானோவில் வாசிக்க வாசிக்கக் காதால் கேட்டே பிடித்துவிட்டாள். மூன்றாவதை எடுப்பதற்குள் சண்டை வந்துவிட்டது.

“ஒப்புக்கிட்டதை வாசிப்பேன்” என்று க்ளென் மூலமாகச் சொல்லி அனுப்பினாள் மமதா. “ஆனா அந்த வீட்டுப் படி ஏற மாட்டேன். நேரா ஹாலுக்கு வர்றேன்.”

மூன்றாவது துண்டின் நோட்டை பெர்னதெத் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினாள். கூடவே இரண்டு வரி: ‘சி-யில் ட்யூன் பண்ணு. ஜி-யில் ஆரம்பி.’ நல்லா இருக்கியா, சாப்பிட்டியா, ஒன்றும் கிடையாது.

அந்த ஞாயிற்றுக்கிழமை இதோ வந்துவிட்டது.

*

மத்தியானம் மூன்று மணி. ஜோகுபாளையத்தில் மமதாவின் அம்மா சந்திரம்மாவின் ஒற்றை ஹால் வீடு. சுருதிப் பெட்டி ஒரு கட்டையில் (பெர்னதெத் சொன்ன சி அதுதான்) ரீங்காரம் போட, மமதா மூன்றாவது துண்டை வாசித்துக்கொண்டிருந்தாள். செல்போனைத் தண்ணீர்ச் செம்பில் சாய்த்து வைத்து, அதில் தெரிந்த நோட்டைப் பார்த்து வாசித்தாள்.

மேல்நாட்டு நோட்டு அவளுக்குப் பாதிதான் தெரியும். காதலிக்கிற காலத்தில் க்ளென் சொல்லிக்கொடுத்தது: “கோடு, இடைவெளி, கோடு. ஒவ்வொண்ணும் ஒரு ஸ்வரம். மேல போனா மேல, கீழ வந்தா கீழ.” அவ்வளவுதான். ஆரம்பிக்கிற இடம் தெரிந்தால் போதும், மீதியைப் படி ஏறி இறங்குகிற மாதிரி எண்ணி வாசித்துவிடுவாள்.

இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த சந்திரம்மா நிமிர்ந்தாள். “நல்லாத்தான் இருக்கு. ஆனா எதுவோ பாதியில ஆரம்பிச்ச மாதிரி இல்ல?”

“இங்கிலீஷ் பாட்டும்மா. அப்படித்தான் இருக்கும்.”

இந்த இடத்தில் கொஞ்சம் கவனியுங்கள். பெர்னதெத்துக்கு ஜி என்றால் சி-யிலிருந்து எண்ணி ஐந்தாவது கட்டை. நம்ம கணக்கில் அது பஞ்சமம், ‘ப’. மமதா படித்ததோ அல்சூரில் ஆதிகேசவன் சாரிடம். அங்கே தமிழ்ப் பிள்ளை, கன்னடப் பிள்ளை, தெலுங்குப் பிள்ளை எல்லாம் கலந்து உட்காரும். எந்த எழுத்தில் எழுதினாலும் யாராவது ஒருவர் முழிப்பார். அதனால் சார் போர்டில் ஸ ரி க ம-வை எஸ், ஆர், ஜி, எம் என்று இங்கிலீஷ் எழுத்தில்தான் எழுதுவார். பதினாலு வருஷமாக மமதாவுக்கு ஜி என்றால் காந்தாரம், ‘க’.

‘க’விலேயே ஆரம்பித்திருந்தாள். கறுப்புக் கட்டையே தேவைப்படாத துண்டு அது. ஆகவே ஒவ்வொரு ஸ்வரமும் சுத்தமாக, ஆனால் முழுப் பாட்டும் இரண்டு படி கீழே தள்ளி, பத்து நாளாக மனப்பாடம் ஆகிக்கொண்டிருந்தது.

க்ளென் ஸ்கூட்டரில் வந்து இறங்கினான். சங்கீதக் குடும்பத்தில் பிறந்தவன், ஆனால் காது மட்டும் யாரிடமிருந்தோ வந்தது. பாட்டு சரியா தப்பா என்று அவனைக் கேட்பது வீண்.

“மம்மி காலைலேர்ந்து ரெண்டு இட்லிகூடச் சாப்பிடல” என்றான்.

“பயமா, கோபமா?”

“தெரியல. ரெண்டுக்கும் ஒரே மூஞ்சிதான் வெச்சிருப்பாங்க.”

மமதாவுக்குச் சிரிப்பு வரவில்லை. “க்ளென், ஒண்ணு சொல்றேன், கேட்டுக்கோ. இன்னைக்கு அத்தனை பேர் முன்னாடி உங்க மம்மி என்னைப் பாதியில நிறுத்தினாங்கன்னா, இந்த ஜென்மத்துக்கு நான் காக்ஸ் டவுன் வர மாட்டேன். நீ இங்கயே ஒரு வீடு பாத்துக்கோ.”

“நிறுத்த மாட்டாங்க.”

“போன தடவையும் நீ பக்கத்துலதான் இருந்தே.”

சந்திரம்மா இஸ்திரிப் பெட்டியை ஓரமாக வைத்துவிட்டு நல்ல புடவையை எடுத்தாள். “நானும் வர்றேன். என் பொண்ணை எவ நிறுத்தறான்னு பாத்துடறேன்” என்றாள்.

*

ஹாலில் நுழைந்ததுமே முதல் தகராறு.

“நின்னுதானே வாசிப்பே?” என்று கேட்டாள் பெர்னதெத். பத்து நாளைக்குப் பிறகு மருமகளிடம் பேசுகிற முதல் வார்த்தை இது.

“நின்னா எனக்கு வில் ஓடாது அத்தை. தரையிலதான்.”

“தரையில உக்காந்தா நாலாவது வரிசைக்கு உன் தலைகூடத் தெரியாது!”

பெர்னார்ட் புத்திசாலி. வாட்ச்மேனைக் கூட்டிக்கொண்டு போய், விருந்துக்குப் போடுகிற சாப்பாட்டு மேஜை இரண்டைத் தூக்கி வரச் சொன்னார். இரண்டையும் சேர்த்துப் போட்டு மேலே ஒரு ஜமக்காளத்தை விரித்தார்கள். மமதா ஏறி உட்கார்ந்து ஆட்டிப் பார்த்தாள். ஒரு கால் ஆடியது. வாட்ச்மேன் அட்டையை மடித்து அடியில் சொருகி, “ஆய்தும்மா, சரியாச்சு. இனி பயப்படாதீங்க” என்றார்.

ஆஞ்சலா வந்து பார்த்தாள். காக்ஸ் டவுனின் இன்னொரு பியானோ டீச்சர், கோயில் பாட்டுக் கோஷ்டியான கோயரின் லீடர், அன்றைக்கு மைக் பிடிக்கிறவளும் அவளே. “என்ன பெர்னி, இந்த வருஷம் கதாகாலட்சேபமா?” என்று சிரித்தாள்.

பெர்னதெத்தின் காது மடல் சிவந்தது.

ஒத்திகைக்கு நேரமும் கிடைக்கவில்லை. சின்னப் பிள்ளைகளின் கோயர் பியானோவைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. விட்டபோது ஹால் நிறைய ஆள் உட்கார்ந்தாயிற்று. “மூணாவது நல்லா பாத்துட்டியா?” என்று மட்டும் கேட்டாள் பெர்னதெத்.

“பாத்துட்டேன்.”

“ஸ்வரத்தை ஆட்டாம நேரா பிடி. தெரியுதா?”

மமதா வில்லை எடுத்து முறுக்கினாள்.

*

ஐந்தே முக்காலுக்கு மேடை ஏறினார்கள்.

முதல் துண்டு ஒழுங்காகப் போயிற்று. இரண்டாவது அதைவிட ஒழுங்காக. நல்ல கைதட்டல், மரியாதையான கைதட்டல். பெர்னார்ட் முதல் வரிசையில் உட்கார்ந்து, நல்ல கையால் முழங்காலில் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். சந்திரம்மா கடைசி வரிசையில் கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள்.

மூன்றாவது, மெதுவான துண்டு.

பெர்னதெத் பம்-பம் தொடங்கினாள். இரண்டு சுற்று. மமதா வில்லை வைத்தாள்.

முதல் ஸ்வரம் பொருந்திவிட்டது. அதுதான் விஷயமே. பம்-பம்மில் சேர்ந்து ஒலிக்கிற சி-யின் ஸ்வரங்களுக்குள் ‘க’வும் உண்டு, ‘ப’வும் உண்டு. யாருக்கும் சந்தேகம் வராது. இரண்டாவது ஸ்வரத்தில் பெர்னதெத்தின் கழுத்து விறைத்தது. மூன்றாவதில் தெரிந்துவிட்டது. பெண் வேறு எங்கேயோ போகிறாள்!

மாதாவே, என்று மனசுக்குள் அலறினாள்.

நிறுத்தலாம். ‘ஸாரி’ என்று ஒரு வார்த்தை சொல்லி மறுபடி ஆரம்பிக்கலாம். பியானோ க்ளாஸில் தினமும் நாற்பது தடவை நிறுத்துகிறவள்தானே அவள்? மைக் பக்கத்தில் ஆஞ்சலாவின் புருவம் ஏறிக்கொண்டிருந்தது.

ஆனால் பெர்னதெத் அன்றைக்கு டீச்சராக யோசிக்கவில்லை. முப்பது வருஷம் ஆர்கன் வாசித்த கை அவளைக் கேட்காமலே ஒரு வேலை செய்தது. பூசை நடுவில் கோயர் சுருதி விலகிப் போனால் எந்த ஆர்கன்காரரும் நிறுத்த மாட்டார். சாமியார் முன்னால் எப்படி நிறுத்துவது? பாட்டை மேலே எடுத்து பலமாக வாசிப்பார். பிள்ளைகள் அதைக் கேட்டுக்கொண்டே தானாக வந்து சேர்ந்துகொள்ளும். அதையேதான் செய்தாள். பம்-பம்மை முழுக்க இடது கையிடம் ஒப்படைத்துவிட்டு, வலது கையால் சரியான பாட்டை, ஜெர்மன்காரர் எழுதிய அதே இடத்தில், எடுத்து வாசித்தாள்.

வா, வா, இங்கே வா என்று மருமகளைக் கூப்பிட்டாள்.

மமதா வரவில்லை. அவளால் முடியவில்லை. பத்து நாள் சாதகம் விரலில் ஏறிப்போயிருந்தது, விரல் அதன் வழியிலேயே போயிற்று.

அப்போதுதான் அது நடந்தது.

பியானோ மேலே ஒரு பாட்டு பாடியது. வயலின் இரண்டு படி கீழே அதே வளைவில், அதே மூச்சில், கூடவே பாடியது. பியானோ ஏறினால் வயலினும் ஏறியது, இறங்கினால் கூடவே இறங்கியது. தனியாக உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தாரே ஓர் ஆள், அவர் பக்கத்தில் இன்னொருவர் வந்து உட்கார்ந்துவிட்டார்.

பெர்னதெத்துக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. இருபத்தாறு வருஷத்தில் முதல் தடவையாக அந்தப் பாட்டு அவள் கையில் இருந்தது. அதுவும் தனியாக இல்லை.

பாதி முடிந்தது. இனி முதலிலிருந்து இன்னொரு முறை. மமதாவுக்குள் இப்போது மணி அடித்துவிட்டது. ‘அய்யோ, ஜி-ன்னா பா! கா இல்ல, பா!’ முகம் வெளிறிப்போயிற்று. இந்தத் தடவையாவது சரியாக எடுத்துவிடலாம் என்று விரலைப் பஞ்சமத்துக்கு நகர்த்தினாள்.

பெர்னதெத் அதைக் கடைக்கண்ணால் பார்த்துவிட்டாள்.

“மாத்தாதே!”

முதல் மூன்று வரிசைக்குக் கேட்டது. ஆஞ்சலாவுக்கும் கேட்டது.

“அங்கயே இரு! அப்படியே வாசி! ஆட்டணும்னா ஆட்டு!”

மமதா திடுக்கிட்டு மாமியாரைப் பார்த்தாள். அந்த முகத்தில் கோபமும் இல்லை, பயமும் இல்லை. கண்ணில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது, துடைக்கக் கை காலியாக இல்லை.

விரல் காந்தாரத்துக்குத் திரும்பியது. இந்தத் தடவை மமதா எண்ணி வாசிக்கவில்லை. தெரிந்தே வாசித்தாள். ஒவ்வொரு ஸ்வரத்தையும் தன் வழக்கப்படி லேசாக அசைத்து, இழைத்து, பியானோவால் செய்யவே முடியாத வளைவுகளை அதன் காலடியில் கொண்டுபோய் வைத்தாள். மேஜைக் கால் ஆடவில்லை. ஆடினாலும் அவளுக்குத் தெரிந்திருக்காது.

கடைசி ஸ்வரம் ஓய்ந்தது. யாரோ பின்னாலிருந்து “ஒன்ஸ் மோர்!” என்று கத்தினார்கள். அதன் பிறகு ஹாலே எழுந்து நின்றுவிட்டது. கடைசி வரிசையில் சந்திரம்மா நாற்காலி மேலேயே ஏறிவிட்டாள் என்று சொன்னால் நம்புவீர்களா? ஏறினாள்.

மூன்றாவதை இன்னொரு முறை வாசித்தார்கள். இன்னும் மெதுவாக.

*

மேடையை விட்டு இறங்குவதற்குள் ஆஞ்சலா கையைப் பிடித்துக்கொண்டாள். கிண்டல் எல்லாம் எங்கேயோ போயிருந்தது. “பெர்னி, ரெண்டு குரலா! இது பெர்னார்டோட அரேஞ்ச்மென்ட் இல்லையே? யார் பண்ணது?”

பெர்னதெத் ஒரு விநாடிகூட யோசிக்கவில்லை. “என் மருமக பண்ணது” என்று ஹால் முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னாள். “மமதா!”

“அப்படின்னா ஈஸ்டருக்கு ஆறு துண்டையும் இதே மாதிரி வேணும். இப்பவே சொல்லிட்டேன்!”

வெளியே வேப்பமரத்தடியில் மமதா மாமியாரை ஓரமாக இழுத்தாள். அவளுக்கு உள்ளே உறுத்திக்கொண்டே இருந்தது. சொல்லாமல் விட்டிருக்கலாம். யார் கண்டுபிடிக்கப் போகிறார்கள்? ஆனால் அவள் அப்படிப்பட்ட பெண் இல்லை.

“அத்தை, நான் ஒண்ணும் பண்ணல. அது தப்பு. ஜி-ன்னு எழுதியிருந்தீங்க, நான் கா-ன்னு நெனச்சுட்டேன். எங்க க்ளாஸ்ல ஜி-ன்னா கா. முழுக்கத் தப்பாவே படிச்சுட்டு வந்துட்டேன்.”

பெர்னதெத் ஒரு நிமிஷம் புரியாமல் பார்த்தாள். பிறகு புரிந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்த சிரிப்பில், பக்கத்தில் ஆட்டோவுக்கு நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

“தப்புன்னு எனக்கு மூணாவது நோட்லயே தெரிஞ்சுடுச்சுடி! உன்னை இழுத்து வழிக்குக் கொண்டு வரத்தான் வலது கையை எடுத்தேன். நீ வரல.” சிரிப்பு அடங்கியது. “நல்ல வேளை, நீ வரல.”

பெர்னதெத் மருமகளின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“சாவு வீடுன்னு சொன்னேன் இல்ல, அது ரொம்பத் தப்பு. வாய்க்கொழுப்பு. இன்னைக்கு அழுதது நான்தான், உன் வயலின் இல்ல. வீட்டுக்கு வாம்மா.”

மமதா பதில் சொல்வதற்குள் சந்திரம்மா நடுவில் வந்து நின்றாள். இவ்வளவு நாளாக பெர்னதெத்தை ‘மேடம்’ என்றுதான் கூப்பிடுவாள். இன்றைக்கு இல்லை.

“சம்மந்திம்மா, நீங்க இன்னைக்குக் கூப்பிடுவீங்க. நாளைக்கு பிள்ளைங்க உங்க பியானோ க்ளாஸுக்கு வருவாங்க. இவ பொழுது விடிஞ்சதும் ஆரம்பிப்பா, சாயங்காலமும் விட மாட்டா. தினமும் அந்தச் சத்தத்தைத் தாங்குவீங்களா? இப்பவே சொல்லிடுங்க.”

“தாங்கறேன்னு யாரு சொன்னது?” என்றாள் பெர்னதெத். “கூட உக்காந்து வாசிக்கறேன்.”

சந்திரம்மா அவளை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு மகள் தோளில் தட்டி, “போடி. துணியை நான் காலைல எடுத்துட்டு வர்றேன்” என்றாள்.

மமதா மாமியாரைக் கட்டிக்கொண்டாள். நடுவில் வயலின் பெட்டி இடித்தது, இரண்டு பேரும் கண்டுகொள்ளவில்லை.

க்ளென் மூச்சிரைக்க ஓடி வந்தான். “மம்மி, டாடியைக் காணோம்!”

“காணோமா? இப்பதானே முன்னாடி உக்காந்திருந்தாரு?”

“நீங்க ஆஞ்சலா ஆன்ட்டிகிட்ட ‘மருமக பண்ணது’ன்னு சொன்னப்ப பக்கத்துலதான் நின்னாராம். அப்புறம் மேடைக்குப் போய் அவரோட பழைய நோட்டு எல்லாத்தையும் அள்ளிட்டு, யார்கிட்டயும் பேசாம வெளிய போயிட்டாராம். ஆறு துண்டும் அதுலதானே மம்மி இருக்கு?”

மமதா பதறிப்போனாள். “அய்யோ, மாமா…”

பெர்னதெத் தெருவைப் பார்த்தாள். தூரத்தில், இறுகிப்போன தோளோடு, காகிதக் கட்டை மார்போடு அணைத்துக்கொண்டு ஓர் உருவம் விறுவிறுவென்று போய்க்கொண்டிருந்தது. அவள் அவரைக் கூப்பிடாமல் ஆட்டோவைக் கை தட்டி நிறுத்தினாள்.

“நடக்கட்டும். நல்லா கோபமா நடக்கட்டும், தோளுக்கு நல்லது” என்று மருமகளை உள்ளே ஏற்றி உட்கார வைத்தாள். “அந்த ஆறும் எனக்கு மனப்பாடம். அவர் வீடு வந்து சேர்றதுக்குள்ள நாம நாலாவதை ஆரம்பிச்சுடலாம். ஏறிட்டியா? வயலினை மடியில வெச்சுக்கோ. எந்த இடத்துல ஆரம்பிக்கணும்னு இந்தத் தடவை நீ சொல்லு.”